அரக்கு நூலில் தைத்த வேர்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் செய்தித்தாள் ஓரத்தில் பென்சிலால் புல்லின் எண்ணும் தேதியும்தான். எந்த ‘ற’ எங்கே வரும் என்று இன்றும் எனக்குச் சந்தேகம். இதைப் படியெடுக்கும் ஜெயந்தி எழுத்துப் பிழைகளைத் திருத்திவிடட்டும். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம்.

ஜெயந்தி எங்கள் தாவரவியல் துறையில் என் இடத்துக்கு வந்திருக்கும் பெண். நான் ஓய்வு பெற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. போன வாரம் போன் செய்தாள்.

“அண்ணா, ஹெர்பேரியத்துல இருக்கிற தாளு எல்லாத்தையும் போட்டோ புடிச்சிக் கம்ப்யூட்டர்ல ஏத்தறாங்க. எங்கேர்ந்து வேணாலும் பாக்கலாமாம். அருகம்புல்லு கட்டுல ஒரு தாளு இருக்குது. அதுல சின்ன சீட்டு ஒண்ணு ஒட்டிக்கினு, பேரு எழுதற எடம் காலியா இருக்குது. அப்டியே புடிச்சிடலாமா?”

“அத மட்டும் கடைசியா வெச்சிக்கோமா, வரேன்” என்றேன்.

“சரிண்ணா. அப்படியே துறை மலருக்கு உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க. எல்லாரும் கேக்கறாங்க.”

என் அனுபவம் என்றால் அந்தத் தாள்தான். ஆகவே அதையே எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் சேர்ந்தது தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதற்கு. எங்களுக்குச் சொந்தமாக நிலம் கிடையாது. அம்மா அடுத்தவர் வரப்பில் புல்லறுத்து, கட்டாகக் கட்டி, சின்ன காஞ்சிபுரத்தில் மாடு வைத்திருந்தவர்களுக்குக் கொண்டுபோய்ப் போடுவாள். பாதிக் கட்டு என் தலையில் இருக்கும். அதனால் புல்லைப் பற்றித் தெரியவேண்டியதெல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாடு தின்னும் புல், தின்னாத புல், வேட்டியில் ஒட்டும் புல். மூன்றுக்கு மேல் எனக்குப் புல் கிடையாது.

ஹெர்பேரியத்தில் செடி ஒட்டிக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனதும் என்னை உள்ளே உட்கார வைத்தார்கள். அது காய்ந்த செடிகளைத் தடித்த தாளில் ஒட்டி, பெயரும் ஊரும் எழுதி, இரும்பு அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் அறை. அதிகம் பேச வேண்டாத வேலை என்பதால் எனக்குப் பிடித்துப்போனது. மண் போகக் கழுவுவேன். செய்தித்தாளுக்குள் பரப்பி, உயரமான புல்லாக இருந்தால் இரண்டு இடத்தில் மடித்து, பலகைக்கு நடுவே வைத்து வாரால் இறுக்குவேன். தினமும் தாளை மாற்றுவேன். காய்ந்ததும் மருந்தில் நனைத்து எடுத்து ஒட்டுவேன். தண்டு நகராமல் கணுவுக்குப் பக்கத்தில் நூலால் தைப்பேன். பருத்தி நூல் மழைக்காலத்தில் ஊறித் தளர்ந்துவிடும். எங்கள் தெருவில் தறி போட்டிருந்த வீட்டிலிருந்து சாயம் ஏற்றாத கழிவுப் பட்டு நூல் கேட்டு வாங்கி வருவேன். ஒரு புரி போதும், புல் அசையாது. இதில் மாறாத விதி ஒன்று உண்டு. புல் என்றால் தாளில் வேர், இலை, பூ மூன்றும் இருக்க வேண்டும். வேர் இல்லாத புல்லைத் தாளில் ஏற்றக் கூடாது.

சுகந்தி மேடம் எங்கள் துறைக்குப் பாடம் நடத்த வந்தது அதற்குப் பிறகு. என்னைவிடப் பத்து வயது சின்னவர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு லென்ஸ் தொங்கும். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் லென்ஸை எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம். மாணவர்கள் யாராவது “அநேகமா இதுதான் மேடம்” என்றால் புல்லை அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார். “பார்த்ததைச் சொல்லுங்க. நினைச்சதை அப்புறம் சொல்லலாம்” என்பார்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டு ஒரு கதிரை நீட்டினார்.

“முனுசாமி, இதைப் பாருங்க.”

“அருகம்புல்லு மேடம்.”

“பேரைக் கேக்கல. பாருங்க.”

லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்து, புல்லை மெதுவாகக் கிட்டே கொண்டுவரச் சொன்னார். முதலில் வெறும் பச்சைக் கலங்கல். பிறகு சட்டென்று தெளிந்தது. எள்ளைவிடச் சின்ன மணிகள், தண்டின் ஒரே பக்கத்தில் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொரு மணியின் வாயிலிருந்தும் ஊதா நிறத்தில் இரண்டு இறகுகள் வெளியே வந்திருந்தன. சாயப்பட்டறையில்கூட அந்த ஊதாவை நான் பார்த்ததில்லை. புல் இம்மி நகர்ந்ததும் அது காணாமல் போயிற்று. மறுபடி தேடினேன். எத்தனை தடவை இதைக் கிள்ளிப் பிள்ளையார் தலையில் வைத்திருப்பேன்! இதற்குள் இறகு இருப்பது அவருக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது. அன்று வீட்டுக்குப் போகும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். சாலையோரப் புல்லின்மேல் சக்கரத்தை ஏற்ற மனம் வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு காலை, மேடம் ஏனாத்தூர் ஏரி ஓரத்திலிருந்து ஒரே ஒரு கொடி அருகம்புல் கொண்டுவந்தார். வழக்கமான புல்லையும் அதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“என்ன தெரியுது?”

ரொம்ப நேரம் பார்த்தேன். இரண்டிலும் விரல் மாதிரி நாலைந்து கதிர். இரண்டும் அருகுதான். பிறகுதான் மணியின் வெளி உமியைப் பார்த்தேன். நெல்லுக்கு உமி இருப்பதுபோலப் புல்மணிக்கும் வெளியே இரண்டு உமி உண்டு.

“இதுக்குச் சட்ட குட்ட மேடம், வயிறு தெரியுது. அதுக்குச் சட்ட நீளம். உள்ள இருக்கிறத முழுசா மூடிக்கினு இருக்குது.”

மேடம் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். “புத்தகத்துல இதையேதான் நாலு வரியில எழுதியிருக்காங்க. இது வேற அருகு, முனுசாமி. அண்ணன் தம்பி மாதிரி, ஆனா வேற.”

ஊர் முழுக்கத் தெருவுக்குத் தெரு பிள்ளையார். அத்தனை பேருக்கும் அருகு. அது ஒன்றல்ல, இரண்டு என்பது தெரிந்த இரண்டு பேர் அந்த அறையில் உட்கார்ந்திருந்தோம்.

தப்பு நடந்தது அந்தக் கொடியில்தான்.

புல் காய்ந்து ஒட்டுவதற்கு வந்தபோது மேடம் ஊரில் இல்லை. அவருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போயிருந்தார். கொடியைத் தாளில் வைத்துப் பார்த்தேன். இலை இருந்தது, பூ இருந்தது. கணுவில் வெள்ளை மயிர் மாதிரி நாலு வேர் இருந்தது. ஆனால் அருகுக்கே உரிய அந்த அடிவேர், மண்ணுக்குள் ஓடும் கெட்டியான தண்டு, இல்லை. பாவம், அவசரத்தில் அறுத்துவிட்டார் என்று நினைத்தேன். வேர் இல்லாத புல்லைத் தாளில் ஏற்றக் கூடாதே. தோட்டத்துக் குழாயடிக்குப் போய் அருகு ஒன்றை அடியோடு தோண்டினேன். தண்டைக் கழுவிக் காயவைத்து, கொடியின் அடியில் பொருத்தி ஒட்டினேன். அன்று வெள்ளை நூல் தீர்ந்துபோயிருந்தது. தறி வீட்டில் அரக்கு நிறத்தில் ஒரு துண்டுதான் கிடைத்தது. அதனால் அந்த வேரை மட்டும் அரக்கு நூலில் தைத்தேன். தாள் முழுமையாக, அழகாக இருந்தது. சந்தோஷமாக அலமாரியில் வைத்தேன். பிறகு மறந்துவிட்டேன்.

மேடம் ஏழு வருடம் அலைந்து, காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள புற்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி முடித்தார். அச்சுக்குப் போகும் முன் வெளியூரில் ஒரு பெரிய நிபுணர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அவர் சில தாள்களை அனுப்பச் சொன்னார். பட்டியலில் இருந்த எண்களைப் பார்த்து நானே கட்டி அனுப்பினேன்; அந்த அருகுத் தாளும் போயிற்று. ஒரு மாதத்தில் கடிதத்தோடு திரும்பி வந்தது. மேடம் அதை எங்களுக்குப் படித்துக் காட்டினார். மணிகளை வண்டு தின்றுவிட்டதால் உமியை அளக்க முடியவில்லை. ஆனால் தரைக்குள் ஓடும் தண்டு தெளிவாக இருக்கிறது. நீங்கள் சொல்லும் புல்லுக்கு அது கிடையவே கிடையாது. ஆகவே இது சாதாரண அருகு. இதிலேயே தவறு என்றால் மற்றப் புற்களையும் முதலிலிருந்து பார்க்க வேண்டியிருக்கும்.

கிடையவே கிடையாது என்ற இடத்தில்தான் எனக்குக் குழாயடி அருகு நினைவுக்கு வந்தது. நான் குறை என்று நினைத்து நிரப்பியதுதான் அந்தப் புல்லின் அடையாளம். இல்லாமல் இருப்பதே அதன் குணம். அதை நான் அழித்திருக்கிறேன்.

சொல்ல வாய் வரவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, மேடம் லென்ஸைத் துடைக்கும் அந்த நேரத்தை என்னால் நின்று தாங்க முடியாது என்று தோன்றியது. முதலில் புல்லைக் கண்டுபிடிப்போம், பிறகு சொல்வோம் என்று விடியற்காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏனாத்தூர் ஏரிக்குப் போனேன். மேடம் பறித்த ஓரத்தில் கல் பதித்து நடைபாதை போட்டிருந்தார்கள். குளம், கால்வாய், வயல் வரப்பு என்று பதினைந்து நாள் குனிந்துகொண்டே திரிந்தேன். பார்த்த அருகெல்லாம் குட்டைச் சட்டை.

பதினாறாம் நாள் மேடம் அறையைக் கூட்டப் போனேன். நிபுணருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

“புத்தகத்தை நிறுத்திடச் சொல்றேன் முனுசாமி. என் கண்ணு மேலயே எனக்கு நம்பிக்கை போயிடுச்சு. அன்னிக்கு நான் என்னத்தப் பார்த்தேன்னே தெரியல.”

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அலமாரியிலிருந்து தாளை எடுத்துவந்து அவர் முன் விரித்தேன்.

“நீங்க பார்த்தது சரி மேடம். இந்த வேரு அதோடது இல்ல. நான் வெச்சது. அரக்கு நூலு பாருங்க, மத்ததெல்லாம் வெள்ள.”

அவர் லென்ஸைக் கையில் எடுத்தார். துடைத்தார். விளிம்பையும் விடாமல் துடைத்தார். துடைத்து முடித்து லென்ஸை மேசையில் வைத்தார்.

“எங்கேர்ந்து எடுத்தீங்க?”

“குழாயடிலேர்ந்து மேடம்.”

“ஏன்?”

“வேரு இல்லாம ஏத்தக் கூடாதுன்னு...”

“என்கிட்ட கேட்டிருக்கலாமே.”

“நீங்க அவசரத்துல அறுத்துட்டீங்கன்னு நெனச்சிட்டேன் மேடம்.”

“நினைச்சிட்டீங்க.” அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை. எழுதிய கடிதத்தை இரண்டாக மடித்து இழுப்பறைக்குள் வைத்தார். “நீங்க சொன்னா அவர் நம்ப மாட்டார். நான் சொன்னாலும் நம்ப மாட்டார். புல்லு வந்து சொல்லணும். ஒரு மாசம் பொறுக்கச் சொல்றேன்.”

மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது பிள்ளையார் சதுர்த்தி வந்தது. முதல் நாள் சாயங்காலம் என் வீட்டுக்காரி அருகும் எருக்கம்பூ மாலையும் வாங்கிவரச் சொல்லி அனுப்பினாள். சின்ன காஞ்சிபுரம் கடைத்தெருவில் கூட்டம் தாங்கவில்லை. தரையில் கோணி விரித்து, என் வயதில் ஒரு அம்மா அருகங்கட்டு விற்றுக்கொண்டிருந்தது. கட்டு ஒன்றைக் கையில் எடுத்தேன். பழக்கத்தில் கதிரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். மேடம் எனக்கென்று கொடுத்திருந்த பழைய லென்ஸ் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும்.

நீளச் சட்டை. கதிர் முழுக்க நீளச் சட்டை.

என்னைச் சுற்றிக் கூட்டம் இடித்துக்கொண்டு போயிற்று. நான் அசையவில்லை. ஊரெல்லாம் தேடிய புல் ஒரு கோணியின்மேல் குவியலாகக் கிடந்தது. மறுநாள் அத்தனையும் பிள்ளையார் தலைக்கு ஏறப்போகிறது.

“இன்னாபா, புல்லு வாங்க வந்தியா, பேனு பாக்க வந்தியா?” என்றது அந்த அம்மா. பக்கத்துப் பூக்காரி சிரித்தாள்.

“இது எங்க அறுத்ததுமா?”

“தோடா! எடத்தக் கேக்கறாரு. சொன்னா நாளைக்கு நாலு பேரு அருவாளோட வந்து நிப்பான். கட்ட எடு, இல்ல கைய எடு.”

கூச்சத்தில் எனக்கு வேர்த்துவிட்டது. தெரிந்தவர்களிடமே பேசத் தயங்குகிறவன் நான். ஆனால் போகவும் முடியவில்லை. கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் கோணி ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மா கட்டு கட்டிக்கொண்டே கேட்டது. வேர் ஒட்டிய இடம் வந்ததும் கையை நிறுத்திவிட்டது.

“செத்த புல்லுக்கு வேற புல்லு வேர வெச்சித் தெச்சியா? அடப்பாவி, புள்ளயாருக்கு யான மூஞ்சி வெச்சாப்ல வெச்சிட்டியேபா! ஏ கன்னிம்மா, கேட்டியாடி இந்த ஆளு கதைய?” பூக்காரியைக் கூப்பிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது. பிறகு ஒரு கொடியை எடுத்து என் முன் ஆட்டியது. “இதுக்கு ஏதுபா அடிவேரு? இது சோம்பேறி அருகு. மண்ணுக்குள்ள போவாது. ஓரத்தப் புடிச்சி இழுத்தா பாய் சுருட்டறாப்ல சுருட்டிக்கினு வந்துடும். மத்த அருகு இழுத்தா கை கிழியும், இது கிழியாது. அதான் நாங்க இதத் தேடிப் போறது.”

எங்கள் துறையில் ஏழு வருடமும் ஒரு நிபுணரின் கடிதமும் செலவான விஷயத்தை அந்த அம்மாவின் உள்ளங்கை எப்போதோ தெரிந்துவைத்திருந்தது. என்னையும் அறியாமல் கையெடுத்துக் கும்பிட்டேன்.

“என்னைய எதுக்குக் கும்புடற? அங்கப் போய்க் கும்புடு” என்று தெருமுனைப் பிள்ளையாரைக் காட்டியது. “பண்டிக முடியட்டும். நாளன்னிக்குக் காலைல வா. ஒரு கை புல்லுதான். எடத்த எவன்கிட்டயும் சொல்லக் கூடாது.”

அந்த அம்மாவின் பெயர் குப்பம்மா. சொன்னபடி கூட்டிக்கொண்டு போனது. திருப்பருத்திக்குன்றத்துப் பக்கம், தண்ணீர் ஓரம். அதற்கு மேல் நான் இன்றும் சொல்ல மாட்டேன். கரை முழுவதும் பச்சைப் பாய் விரித்ததுபோல இருந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். சுருண்டுகொண்டு வந்தது. அடியில் ஈர மண்ணும் வெள்ளை மயிர் வேர்களும்தான். கெட்டித் தண்டு எங்கும் இல்லை. அந்த இல்லாமையைக் கையில் ஏந்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மண்ணோடு ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோய் மேடம் மேசையில் வைத்தேன். லென்ஸை அவர் எடுக்கவில்லை. என் பக்கம் தள்ளினார்.

“என்ன பார்த்தீங்க?”

“சட்ட நீளம் மேடம். அடில ஒண்ணும் இல்ல.”

“நல்லாப் பார்த்தீங்களா?”

“இழுத்தே பார்த்தேன் மேடம்.”

அதன் பிறகுதான் அவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. லென்ஸை அன்று அவர் துடைக்கவில்லை. சீட்டில் இடத்தின் பெயர் எழுத வேண்டும். குப்பம்மாவுக்குக் கொடுத்த வாக்கைச் சொன்னேன். ஊர்ப்பெயரும் நீர்க்கரை என்பதும் மட்டும் எழுதினார். “அவங்க பொழப்பு அது. இது போதும்” என்றார்.

புதுத் தாளும் மண்ணோடு கொஞ்சம் உயிர்ப்புல்லும் நிபுணருக்குப் போயின. பத்து நாளில் ஒப்புதல் வந்தது. புத்தகமும் வந்தது.

பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று கேட்டேன். மேடம் கூடாது என்று தலையசைத்தார். ஹெர்பேரியத்தில் எழுதியதை அழிக்கக் கூடாது, தப்பாக இருந்தால் பக்கத்தில் இன்னொரு சீட்டு ஒட்டித் திருத்தம் எழுத வேண்டும், இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது எனக்கும் தெரிந்த விதிதான். சின்னச் சீட்டு ஒன்றில், ‘இத்தாளில் அரக்கு நூலால் தைக்கப்பட்டுள்ள வேர் வேறு புல்லினுடையது. இதைச் சேர்த்தவர்:’ என்று எழுதி ஒட்டினார். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார்.

“என் கையெழுத்து நல்லா இருக்காது மேடம்” என்றேன்.

அது சாக்கு என்பது அவருக்குத் தெரிந்தது. “எப்ப முடியுதோ அப்ப எழுதுங்க” என்று பேனாவை மூடிவிட்டார். பிறகு ஒருமுறைகூட அதைப் பற்றிக் கேட்கவில்லை. சில வருடங்களில் வேறு ஊருக்கு மாறிப் போனார். ஒவ்வொரு வருடமும் அலமாரிக்குப் பூச்சி மருந்து வைக்கும்போது அந்தத் தாளைத் திறப்பேன், காலி இடத்தைப் பார்ப்பேன், மூடிவிடுவேன். ஓய்வு பெற்ற நாளிலும் திறந்தேன், மூடினேன்.

இன்று காலை துறைக்குப் போனேன். மேசைமேல் காமிராவும் இரண்டு பக்கமும் விளக்குகளும் இருந்தன. ஜெயந்தி தாளைக் கொண்டுவந்து வைத்தாள். அந்த வெளிச்சத்தில் அரக்கு நூல் நேற்றுத் தைத்ததுபோல மின்னியது. எங்கோ இருக்கும் யாரோ ஒருவர் இதைத் திறந்து, அந்த வேரைப் பார்த்து, இந்த அருகுக்கும் அடித்தண்டு உண்டு போலிருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. பேனாவை வாங்கினேன். எழுத்து கோணலாகத்தான் வந்தது. ஆனால் படிக்க முடிகிறது.

“யாருண்ணா இது, நீங்களா?” என்றாள் ஜெயந்தி.

“நான்தாம்மா. இப்பப் புடி.”

சீட்டில் பெயருக்குக் கீழே தேதி போட வேண்டும். இங்கேயும் அதையே போடுகிறேன்.

சோ. முனுசாமி
ஆவணி 12, வியாழக்கிழமை, பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள்.